இரண்டைத் தாண்டிய எண்

அருப்புக்கோட்டையில் பாலாமணி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் தெருவில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கேபிள்காரர் வீட்டம்மா என்பார்கள். பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பவள் என்பார்கள். செவ்வாய்க் கிரகத்து வேலை என்று எப்படியோ காதில் விழுந்த இரண்டு பேர், மகள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு தோஷம் கேட்கவே வந்துவிட்டார்கள். "அந்தச் செவ்வாய்தான்க்கா, ஆனா நான் பாக்குறது ஜாதகம் இல்ல" என்று சொல்லிப் பார்த்தாள். அவர்கள் நம்பவில்லை. சொல்லத் தெரிந்தும் சொல்லமாட்டேன் என்கிறாள், ராங்கிக்காரி என்று போய்விட்டார்கள்.

ராங்கிக்காரி என்பதில் தப்பில்லை. வேலையைப் பற்றித்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. செவ்வாயைச் சுற்றிக்கொண்டு ஒரு விண்கலம் இருக்கிறது. செவ்வாயின் ஈர்ப்பு அதை எப்படி இழுக்கும், சூரியன் எப்படி இழுக்கும் என்பதெல்லாம் எப்போதோ கணக்குப் போட்டு முடித்த சங்கதி. இழுப்பதோடு கதை முடிவதில்லை. சூரிய வெளிச்சம் கலத்தின் மேல் பட்டுத் தள்ளும். வெளிச்சம் போய்த் தள்ளுமா என்று கேட்காதீர்கள், தள்ளும். கையில் உணர முடியாத அளவுக்குக் கொஞ்சம், ஆனால் ஓயாமல். செவ்வாயின் மெல்லிய காற்று உரசும். சூடேறிய தகடு வெப்பத்தை வெளியே விடும்போது அதுவும் துளி தள்ளும். ஈர்ப்பில் சேராத இந்தச் சில்லறை விசைகளையெல்லாம் கணக்கில் கொண்டுவந்து, கலம் அடுத்த வாரம் இந்த நொடியில் இந்த இடத்தில் இருக்கும் என்று சொல்வதுதான் பாலாமணியின் வேலை. சில்லறைதானே என்று விட்டால் இரண்டே வாரத்தில் கலம் சொன்ன இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும்.

அப்பா நாகையா இரண்டு விசைத்தறி வைத்து ஓட்டியவர். அந்த வீட்டில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்த முதல் ஆள் இவள். பெங்களூரில் வேலை கிடைத்து ஒரு வருஷத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். உள்ளூரில் கேபிள் டிவி நடத்தும் கார்த்தீஸ்வரன். கல்யாணத்துக்கு அப்புறம் வேலை எதற்கு என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஆரம்பித்தார்கள். பெண் பார்க்க வந்த கூடத்தில், அத்தனை பேர் முன்னால், பாலாமணி மாப்பிள்ளையைப் பார்த்தே கேட்டுவிட்டாள்: "நான் வேலைய விடமாட்டேன். நீங்க கேபிள விடுவீகளா?" கார்த்தீஸ்வரன் சிரித்துக்கொண்டே, "அது எப்படி விட முடியும்?" என்றான். "அப்பச் சரி" என்று காப்பித் தட்டை நீட்டினாள். ஆறு வருஷம் வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போனாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் ஒருவர்கூட அதற்கப்புறம் அவளிடம் வாய் கொடுக்கவில்லை.

கொரோனா வந்தபோது எல்லாரையும் போல இவளும் ஊருக்கு வந்தாள். முடிந்த பிறகு எல்லாரும் ஆபீஸுக்குத் திரும்பினார்கள், இவள் திரும்பவில்லை. இங்கே இருந்து போட்ட கணக்கும் அங்கே உட்கார்ந்து போட்ட கணக்கும் எவ்வளவு தப்பியிருக்கின்றன என்று ஒரு வருஷத்து விவரத்தை அடுக்கிக் காட்டினாள். இவளுடையது குறைவாகத்தான் தப்பியிருந்தது. அதை மேலிடத்தில் எடுத்துப் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தவர் குழுத் தலைவர் நல்லமுத்து. பந்தல்குடிக்காரர், நம்ம பக்கத்துப் பிள்ளை என்று இவள்மேல் தனிப் பிரியம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி நீளும். அந்தக் கையெழுத்தில்தான் பாலாமணியின் அருப்புக்கோட்டை வாழ்க்கை முழுக்க நின்றது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். வெளிச்சம் கலத்தை எவ்வளவு தள்ளுகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. விழுந்த வெளிச்சம் அப்படியே சோலார் பேனல் தகட்டில் தங்கிவிட்டால் எண் ஒன்று. கண்ணாடியில் பட்டதுபோல முழுக்க வந்த வழியே திரும்பினால், வந்ததற்கு ஒரு தள்ளு, போனதற்கு ஒரு தள்ளு, ஆக இரண்டு. அதற்கு மேல் கிடையாது. வாங்கிய வெளிச்சத்தைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுக்கும் தகடு எந்த உலகத்திலும் இல்லை.

வாரத்துக்கு ஒருவர் என்று நாலு பேர் முறை வைத்து இந்த எண்ணைக் கண்டுபிடிப்பார்கள். கலத்தின் குரலைக் கேட்கும் தரைநிலையத்திலிருந்து வரும் விவரத்தோடு கணக்கு ஒத்துப்போகும்வரை எண்ணைத் திருகுவார்கள். படிவத்தில் ஒரே ஒரு கேள்வி: போன வாரத்து எண்ணிலிருந்து எவ்வளவு விலகல்? நூற்றில் ஐந்துக்குள் இருந்தால் சரி. போட்டவர் ஒரு கையெழுத்து, நல்லமுத்து ஒரு கையெழுத்து. போன வாரத்து எண் சரிதானா என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை. முந்தினவன் கொடுத்ததை வாங்கி, தன் பங்குக்கு ஒரு துளி கூட்டி, அடுத்தவன் கையில் கொடுக்கிற வழக்கம். கலம் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த மார்ச்சில் 1.74. ஜூனில் 1.83. ஆகஸ்ட் கடைசியில் பாலாமணியின் முறையில் 1.94. அவளும் வாங்கினாள், கூட்டினாள், கையெழுத்துப் போட்டாள். அடுத்த முறை செப்டம்பர் கடைசி வாரத்தில் வந்தது. போன வாரத்து எண் 1.98 என்று தவசி ஒப்படைத்திருந்தான். இவள் கணக்குக்கு 2.01 வந்தது.

பாலாமணி கையை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

தவசிக்குப் போன் போட்டாள். அவன் பெங்களூர் ஆபீஸில் இருக்கும் மதுரைப் பையன், இவளைவிடப் பத்து வயது சின்னவன்.

"தவசி, ரெண்டைத் தாண்டிருச்சுடா."

"எவ்வளவுக்கா?"

"ரெண்டு புள்ளி சைபர் ஒண்ணு."

"மூணு புள்ளிதானக்கா விலகல். லிமிட்டுக்குள்ளதான இருக்கு? போட்டு விட்ருங்க."

"ஏலே, கண்ணாடியே ரெண்டுக்கு மேல போகாதுடா. நம்ம பேனல் கண்ணாடியவிடப் பெரிய கண்ணாடியா?"

தவசி தன் 1.98-ஐத் திறந்து பார்த்தான். பிறகு, "ஆமால்ல" என்றான். அவனுக்கும் தெரியாததில்லை. நாலு பேருமே படித்தவர்கள்தான். எண் ஒரேயடியாக இரண்டுக்குத் தாவியிருந்தால் நாலு பேரும் குதித்திருப்பார்கள். ஒவ்வொரு புள்ளியாக வந்ததால் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நல்லமுத்து மாலையில் கூப்பிட்டார். "ஏம்மா பாலாமணி, என்னமோ கையெழுத்துப் போடலயாமே?"

"நம்பர் ரெண்டைத் தாண்டிருச்சு சார்."

"அது வெறும் நம்பரும்மா. நமக்குத் தெரியாத சின்னச் சின்ன தள்ளெல்லாம் அது உள்ள வாங்கிக்கிருது. கணக்கு ஒத்துப் போகுதுல்ல? அம்புட்டுதான்."

"என்னத்த உள்ள வாங்கியிருக்குன்னு தெரியணும்ல சார்?"

"ஒரு புள்ளிக்கா இம்புட்டுச் சண்டை?"

"ஒரு புள்ளி இல்ல சார். மார்ச்சுல இருந்து ஏறிக்கிட்டே வருது. நானும் சேந்துதான் ஏத்தியிருக்கேன். இனிமே ஏத்த மாட்டேன்."

அந்த வாரம் அவள் முறையைத் தவசியே எடுத்துக்கொண்டான். பாலாமணிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கோபம் நல்லமுத்து மேல் பாதி, தன் மேல் பாதி.

மூன்றாம் நாள் நடுப்பகலில் கார்த்தீஸ்வரனின் போன் விடாமல் அடித்தது. புளியம்பட்டியிலிருந்து ரத்தினம் அக்கா. "தம்பி, படம் புள்ளி புள்ளியா வந்து போயிருச்சு. நாடகம் முடியப்போகுது, என்ன செய்றீக நீங்க?" அவன், "பத்து நிமிஷத்துல தானா வந்துரும்க்கா" என்று சொல்லிவிட்டு மாடிக்குக் கிளம்பினான். பாலாமணியும் சும்மா பின்னாலேயே போனாள். வருஷத்துக்கு இரண்டு தடவை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் நாலைந்து நாளைக்கு இந்தக் கூத்து உண்டு. கேபிள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்குக் கேபிள்காரன்தான் ஏமாற்றுகிறான்.

மாடியில் எட்டடி அகலத்தில் மூன்று டிஷ்கள் வானத்தைப் பார்த்து நின்றன. ஊரின் நெசவாளர் வீடுகள் பலவற்றில் போல, கணவன் மனைவி பேசிக்கொள்வது கன்னடம். படிக்கிறவர்களுக்காக இங்கே தமிழில் சொல்கிறேன்.

"இங்க பாரு" என்றான் கார்த்தீஸ்வரன். டிஷ்ஷின் நடுவில் நீட்டிக்கொண்டிருந்த மூக்கின் நிழல் தட்டின் சரி மையத்தில் விழுந்திருந்தது. "இது எந்த சாட்டிலைட்டைப் பாக்குதோ, அதுக்கு நேர் பின்னால இப்பச் சூரியன் வந்து உக்காந்துருக்கு. சாட்டிலைட்டைப் பாக்கணும்னா சூரியனையும் பாத்துத்தான் ஆகணும். அந்தக் கூச்சல்ல சாட்டிலைட் பேசுறது கேக்காது, படம் வராது."

பாலாமணி தட்டின்மேல் கை வைத்துப் பார்த்தாள். சுட்டது. மற்ற நாட்களில் பக்கவாட்டில் வெயில் வாங்குகிற தட்டு, இன்றைக்கு முகம் முழுக்க வாங்குகிறது. அவள் அந்த மூக்கின் நிழலையே பார்த்துக்கொண்டு நின்றாள். செவ்வாய்க் கலத்திலும் ஒரு டிஷ் இருக்கிறது. அது எப்போதும் பூமியைப் பார்க்கும். இன்னும் ஏழு வாரத்தில், செவ்வாயிலிருந்து பார்த்தால் பூமியும் சூரியனும் ஒரே நேரில் வரும். மார்ச்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அந்த நேரை நோக்கித்தான் எல்லாம் நகர்ந்து வருகிறது. அப்படியானால் மார்ச்சிலிருந்து அந்த டிஷ் கொஞ்சம் கொஞ்சமாகச் சூரியனுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டே வருகிறது.

"சாப்பிட்டுப் போயேன்" என்று கார்த்தீஸ்வரன் சொல்வதற்குள் அவள் படியில் பாதி இறங்கியிருந்தாள்.

கணக்குக்குள் போய், வெளிச்சம் எதன்மேல் விழுகிறது என்று கணக்கு எடுத்துக்கொள்ளும் கலத்தின் படத்தைத் திறந்தாள். அந்த வேலையில் சேர்ந்து இத்தனை காலத்தில் அந்தப் படத்தை அவள் திறந்து பார்த்ததே இல்லை. நாலு பேரில் ஒருவரும் பார்த்ததில்லை. நடுவில் ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் சோலார் பேனல்கள், திருச்சுழிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் பரப்பி வைத்திருக்கிறார்களே, அதே ஜாதி. டிஷ் எங்கே என்று தேடினாள். பெட்டியின் பக்கத்தோடு மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. பூமியிலிருந்து செவ்வாய்க்குப் பயணம் போகும்போது மடக்கி வைத்திருந்த நிலை. போய்ச் சேர்ந்ததும் நிஜத்தில் டிஷ்ஷை விரித்துவிட்டார்கள். கணக்கில் இருந்த படத்தை மாற்ற எவனுக்கும் தோன்றவில்லை. இல்லாத டிஷ்ஷின் மேல் விழுந்த வெயிலையெல்லாம் ஏழு மாதமாகப் பாவம் அந்தப் பேனல்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

டிஷ்ஷை விரித்து, பூமியைப் பார்க்க வைத்து, மார்ச்சிலிருந்து எல்லா வாரத்தையும் திரும்ப ஓட்டினாள். முதல் வாரம் 1.31. பத்தாவது வாரம் 1.31. இருபதாவது 1.32. கடைசி வாரம் 1.31. ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. நாலு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது சோறு ஆறிப் போயிருந்தது, அவள் சந்தோஷத்தில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

நல்லமுத்துவும் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தாள். மறுநாள் அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

"நல்லாப் போட்டுருக்கம்மா. ஆனா இப்ப வேணாம். கிரகம் சூரியனுக்குப் பின்னால போறதுக்கு முன்னாடி கணக்குல கை வைக்கக் கூடாதுன்னு மேல முடிவாயிருச்சு. இப்பப் போயி படமே தப்புன்னா, ஏழு மாசமா என்ன செஞ்சுக்கிட்டிருந்தீகன்னு கேப்பாக. உன் 1.31 தர்ற எடமும் 2.01 தர்ற எடமும் ஒண்ணுதான? ரெண்டும் ஒத்துப் போகுதுல்ல?"

"இப்ப ஒத்துப் போகும் சார். டிஷ்ஷும் பேனலும் ரெண்டுமே சூரியனப் பாத்து நிக்குது, அதனால தள்ளு யாருதுன்னு தெரியல. அந்தப் பதினாறு நாளும் டிஷ்ஷைப் பக்கவாட்டுல திருப்பி வைக்கப் போறோம்ல? அப்ப அந்தத் தள்ளு நின்னுரும். நம்ம கணக்கு நிக்காமத் தள்ளிக்கிட்டே இருக்கும்."

பதினாறு நாள் என்று அவள் சொன்னது இதை. செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் போகும் நவம்பரில், நடுவில் சூரியன் இருப்பதால் கலத்தோடு பேச முடியாது. சூரிய வெப்பம் டிஷ்ஷின் மூக்கில் குவிந்துவிடக் கூடாது என்று அந்த நாட்களில் டிஷ்ஷை ஒருக்களித்து வைப்பார்கள். பேச்சு திரும்பும் நாளில், கலம் செவ்வாயின் மறைவிலிருந்து வெளியே வந்து அதன் குரல் எந்த நொடியில் கேட்கும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எழுதும் முறை பாலாமணிக்கு வந்திருந்தது.

"வித்தியாசம் எம்புட்டு வரும்?" என்று கேட்டார் நல்லமுத்து.

"நாலு நொடி."

"நாலு நொடியில கலம் என்ன காணாமயா போயிரப் போகுது? இரு, ஒண்ணு சொல்றேன். ரெண்டைத் தாண்டுனதுதான உனக்கு உறுத்துது? 1.99 போட்டுக்குவோம். ரெண்டு புள்ளி கொறைச்சா ஒண்ணும் ஆகாது. உனக்கும் மனசு ஆறும்."

பாலாமணிக்குக் காதெல்லாம் சூடேறிப்போனது. "சார், 2.01 யோக்கியமான நம்பர். அது, நான் தப்பு, என்னயப் பாருன்னு சத்தம் போட்டுச் சொல்லுது. 1.99 திருட்டு நம்பர். அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். 2.01லயும் போட மாட்டேன்."

"அப்படின்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றார் அவர். "டிசம்பர்ல உன் அனுமதி முடியுது. ஒத்து வராத ஆள வீட்டுல வச்சு வேலை வாங்குறீகளான்னு மேல கேட்டா நான் என்ன சொல்லுவேன்? பெங்களூருக்கு வந்துரு. இல்லையின்னா கையெழுத்துப் போடு."

இதில் மறைக்க ஒன்றுமில்லை: பாலாமணி பயந்துபோனாள். பெங்களூருக்குப் போகலாம். மறுபடி ஆறு வருஷத்து வெள்ளிக்கிழமை பஸ். அல்லது கார்த்தீஸ்வரன் கேபிளைத் தம்பியிடம் விட்டுவிட்டு வர வேண்டும். அவள் ஏன் போக வேண்டும்? இந்த ஊரிலிருந்து வேலை பார்க்க அவளுக்கு இருக்கிற தகுதி, தப்பில்லாமல் வேலை பார்க்கிறாள் என்பது ஒன்றுதான். அனுமதியைக் காப்பாற்றத் தப்புக் கணக்கில் கையெழுத்துப் போட்டால் அந்தத் தகுதியே போய்விடும்.

நவம்பர் முதல் வாரம், ஆபீஸ் சார்பில் வேறொருவர் கையெழுத்தோடு முன்கணிப்பு போனது: காலை 10 மணி 42 நிமிடம் 31 நொடி. அதே நாளில் பாலாமணி தன் பெயரில் ஒன்று எழுதினாள்: 10 மணி 42 நிமிடம் 27 நொடி. டிஷ் விரிந்த படத்தையும் சேர்த்து, அந்த வேலையில் இருக்கிற அத்தனை பேருக்கும், தரைநிலையத்துக்கும் அனுப்பிவிட்டாள். ஒளித்து அனுப்பவில்லை, நல்லமுத்து பெயரும் முதலிலேயே இருந்தது. மறுநாள் காலையில் அவள் கடவுச்சொல் வேலை செய்யவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கலத்தின் பேச்சு நின்றது. தெருவில் வெடிச்சத்தம், வீட்டில் பாலாமணி சும்மா இருந்தாள். சும்மா இருந்து பழக்கமில்லாதவள். கார்த்தீஸ்வரனோடு எம்.ரெட்டியபட்டி வரைக்கும் கேபிள் வயர் பார்க்க வண்டியில் போனாள். மழைக்குக் கரிசல் குழைந்து சக்கரத்தில் ஏறிக்கொண்டது. இறங்கி ஆளுக்கொரு குச்சி எடுத்துச் சுரண்டும்போது அவன் கேட்டான், "ஒருவேளை உன்னோடது தப்பா இருந்துச்சுன்னா?"

"தப்பா இருந்தா தப்புன்னு எழுதிக் குடுப்பேன்."

"வேலை போயிருமே?"

"போகட்டும். நான் போட்ட நம்பருக்காகத்தான போகும், அடுத்தவுக போட்ட நம்பருக்காக இல்லயே."

"உன்னயப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே நான் எந்திரிச்சு ஓடியிருக்கணும்" என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கேள்வி உள்ளேயே கிடந்தது. இன்னும் எதையாவது விட்டிருந்தால்? டிஷ்ஷின் வெள்ளை வர்ணம் பழுத்திருந்தால்? அவள் முதலில் கையெழுத்துப் போட்ட ஏழு வாரமும் அவளுக்கு நிச்சயமாகத்தானே இருந்தது?

பேச்சு திரும்ப வேண்டிய நாள் திருக்கார்த்திகை அன்று வந்தது. அடுப்படியில் கொழுக்கட்டை மாவு பிசைந்த கையோடு இருந்தபோது பத்தரை மணிக்குத் தவசி கூப்பிட்டான். "அக்கா, போனை வைக்காதீக. இங்க எல்லாரும் நிக்கிறோம்." போனை ஒலிபெருக்கியில் போட்டு அம்மிக்கல் மேல் வைத்தாள். கார்த்தீஸ்வரன் வாசலில் நின்று வாட்ச்சைப் பார்த்தான். பத்து நாற்பத்திரண்டு ஆனதும் போனுக்குள் யாரோ நொடிகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இருபது. இருபத்தொன்று. பாலாமணி கையிலிருந்த மாவை விடாமல் இறுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழு.

"வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். ஒரே இரைச்சல். "அக்கா, இருபத்தேழரை! அரை நொடிதான்க்கா!" என்றான் தவசி.

கார்த்தீஸ்வரன் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தான். அவள் அழுதுகொண்டே, "அந்த அரை நொடி எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டாள்.

மத்தியானம் நல்லமுத்து அவள் கடவுச்சொல்லைத் திறந்துவிட்டு ஓர் அறிக்கை அனுப்பினார், பின்னாலேயே கூப்பிட்டார். பேச்சில்லாத நாட்களில் டிஷ் திரும்பியதால் புதிதாக ஒரு விளைவு உண்டானது, குழு அதை உடனே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டது என்று அறிக்கை சொன்னது. கீழே பாலாமணிக்கு ஓர் இடம், அவருக்கு ஓர் இடம்.

"இதுல கையெழுத்துப் போட்டு அனுப்பிரும்மா. உன் பேரு முதல்ல வருது பாரு. அனுமதிய ஒரு வருஷத்துக்கு நீட்டிக் குடுத்துர்றேன்."

"புதுசா எதுவும் உண்டாகல சார். மார்ச்சுல இருந்து படம் தப்பு. அத எழுதணும். எல்லா வாரத்து நம்பரையும் பக்கத்துல போட்டவுக பேரையும் பட்டியலா வைக்கணும்."

"உன் பேரும் அதுல வருமேம்மா? ஜெயிச்ச அன்னைக்கு உன் பேர நீயே கெடுத்துக்கிறியா?"

"ஏழு எடத்துல வருது சார். வரட்டும். அடுத்தாப்புல வேற கலத்துக்கு வேற ஆளு இதே மாதிரி வாங்கி வாங்கி ஏத்துவான். பட்டியல் இருந்தாத்தான் எப்படி ஏறுச்சுன்னு அவனுக்குத் தெரியும்."

நல்லமுத்து படிவங்களைப் புரட்டும் சத்தம் போனில் கேட்டது. பிறகு குரல் இறங்கிப்போய்ச் சொன்னார்: "உனக்கு ஏழு எடம். முப்பத்தஞ்சு வாரத்துலயும் என் கையெழுத்து இருக்கும்மா."

இதை அவள் யோசித்திருக்கவில்லை. அவளுக்காக மேலிடத்தில் வாதாடிய மனுஷன். வயதாகி ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறவர். அவளுக்கு மனசு கஷ்டமாக இருந்தது, அதை அவரிடம் சொல்லவும் செய்தாள். "எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு சார். ஆனாலும் எழுதித்தான் ஆகணும்." அவர் போனை வைத்துவிட்டார்.

பாலாமணி அறிக்கையைத் திருத்தினாள். பட்டியல் போட்டாள். தன் பெயர் வரும் ஏழு வரிகளிலும் தன் கையெழுத்தை வைத்தாள். நல்லமுத்துவின் இடங்களை வெறுமையாகவே விட்டு, அவருக்கு மட்டும் அனுப்பினாள். போடுவதும் போடாததும் அவர் பாடு, ஆனால் அவர் போடாவிட்டாலும் நாலாம் நாள் எல்லாருக்கும் போகும் என்று ஒரு வரி எழுதினாள்.

முதல் நாள் பதில் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பட்டியல் திரும்பி வந்தது, எல்லாருக்கும் அவரே அனுப்பியிருந்தார். முப்பத்தைந்து வரியிலும் கையெழுத்து. ஒன்றுகூட விடவில்லை. பாலாமணி ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் சார்."

"சந்தோஷமா?"

"சந்தோஷம் இல்ல சார். சரியா இருக்கு."

 "அந்த அரை நொடி என்னம்மா? அது எங்க இருந்து வருது?"

"தெரியல சார். டிஷ்ஷோட பின்பக்கம் வெப்பத்த வெளிய விடுதோன்னு சந்தேகமா இருக்கு. தேடணும். ஒரு நம்பரப் போட்டு மூடிரச் சொன்னா மூட மாட்டேன்."

"மூடச் சொல்லலம்மா. தேடு."

பாலாமணிக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் விட்டால் தூக்கம் வராது. "எங்க இருந்து சார் தேடணும்?"

"ஏன், அருப்புக்கோட்டையில கரண்ட் இல்லையா?" என்று சொல்லிவிட்டு நல்லமுத்து போனை வைத்தார்.